உங்கள் சாவைப் பிரெஞ்சில் சொன்னேன்

இஞ்சாருங்கோ,

பேத்தி என் கையில் ஒரு சொட்டு ஊற்றித் தேய்க்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசல்களில் வைத்திருக்கிற அந்தக் கை துடைக்கும் மருந்து. மணம் மூக்கில் ஏறியதும் ரொறொன்ரோவும் இல்லை, அவளுடைய கல்லூரியும் இல்லை. பாரிஸில் நீங்கள் கிடந்த வார்ட்டின் வாசலில் நிற்கிறேன்.

நீங்கள் போனபிறகு பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டேன். இவள் எங்கள் மூத்தவளின் மகள். டொக்டர்! இங்கே பிரெஞ்சும் அரச பாஷை; அதில் வைத்தியம் படிக்கிற பிள்ளைகளை இன்னும் நல்லாய்ப் பழக்குவது எப்படி என்று ஆராய்ச்சி செய்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இதைச் சொல்லாத வீடு ஸ்காபரோவில் இல்லை. அந்தப் பெருமைதான் என்னை மாட்டிவிட்டது. அந்தப் பிள்ளைகள் பழகுவதற்கு, நோயாளியின் மனுசியாக நடிக்க ஆள் தேவையாம்.

"நான் கதைக்கிறது சந்தைப் பிரெஞ்செல்லோ, பிள்ளை."

"அதுதான் வேணும் அம்மம்மா. உங்களை மாதிரிக் கொத்திக் கொத்திக் கதைக்கிற ஆக்களுக்கு விளங்கப்படுத்தத்தான் இவை பழகவேணும்."

"கொத்துறனோ? உன்ரை வாயைப் பார்."

சிரித்தாள். பிறகு குரலைக் குறைத்தாள். "ஆனா கதை கொஞ்சம் கஷ்டம். உங்கட ஹஸ்பண்ட் செத்துப்போனார் எண்டு ஸ்டூடன்ட்ஸ் வந்து சொல்லுவினம். ஏலாதெண்டால் விடுங்கோ."

ஏலும் என்றேன்.

அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதே. ஒரு இளம் டொக்டர் வந்து நின்றபடியே என்னவோ சொன்னான். படித்தவர்கள் கதைத்தால் என் தலை தானாக ஆடும். "கலியாணத்துக்கும் நீ உப்பிடித்தான் ஓம் எண்டனீ" என்று நக்கலடிப்பீர்களே. அவனுக்கும் "வீ, வீ" என்றேன், ஓம் ஓம் என்று. அவன் போய்விட்டான். கஞ்சி ஊற்றிய சுடுதண்ணிப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, உங்களை எப்போது காட்டுவார்கள் என்று வார்ட் வாசலில் கிடந்த மர வாங்கிலேயே இருந்தேன். பின்னேரம் உங்கள் தங்கச்சி வந்து விசாரித்துக் குளறி அழுதபோதுதான் நீங்கள் போய்விட்டது எனக்குத் தெரியும்.

இன்று காலை முதலில் வந்தது படிக்கிற ஒரு பெட்டை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி பேத்தி. பெட்டை நின்றபடி சொன்னாள். என் தலை ஆடியது. "வீ" என்றேன். போய்விடுவாள் என்று பார்த்தால், கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். பேத்தி பழக்கிய கேள்வியைக் கேட்டாள்: "நான் சொன்னதில் என்ன விளங்கினது, மடாம், உங்கள் வாயால் சொல்லுங்கோ."

இந்தமுறை எல்லாம் விளங்கியது. நாக்குத்தான் எழும்பவில்லை. நடிப்புத்தானே என்று எத்தனை தரம் எனக்கே சொன்னாலும், அந்தப் பாஷையில் நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால், அந்த வாங்கில் இன்னும் காத்திருக்கிற நான் எழும்பிப் போகவேண்டுமே.

"மோன் மாரி எ மோர்," என்றேன். என்ரை மனுசன் செத்துப்போனார்.

பெட்டை என் கையைப் பிடித்தாள். அவளுடைய கையும் குளிர்ந்திருந்தது. பேத்தி ஓடிவந்தாள்.

"காணும், போதும் அம்மம்மா. வீட்டை போவம்."

கதவுக்கு வெளியே அடுத்த பிள்ளை வெள்ளைக் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு நின்றது. முகத்தில் என்னைவிடப் பயம்.

"உள்ளை விடு," என்றேன்.

பேத்தி அடுத்த கிழமையும் வரச் சொல்லியிருக்கிறாள். போவேன். பயமாகத்தான் இருக்கிறது. இனி ஒவ்வொரு பிள்ளைக்காகவும் உங்களை ஒருதரம் சாகக்கொடுத்துவிட்டுத்தான் நான் வீட்டுக்கு வரவேண்டும்.