கதவில் எழுதிய எடை

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் மட்டும் உடனே பதில் போட்டுவிடுவாயா?

நம் பாய்மரப் படகு போய்விட்டது. இடது மிதவையில் பழைய ஒட்டு ஒன்று இருந்ததே, அதற்குக் கீழே விரல் நுழையும் அளவுக்கு விரிசல். பட்டறைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, உங்ககிட்ட வர்ற கிழட்டு நாய்க்கு நீங்க என்ன சொல்வீங்களோ, அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். அங்கே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். இரண்டு மிதவைக்கும் நடுவில் கட்டிய அந்த வலையில் உட்கார்ந்து நீயும் நானும் எத்தனை பந்தயம் ஓட்டியிருப்போம், எத்தனை சண்டை போட்டிருப்போம்!

வேறு வாங்கலாம் என்கிறார் உன் அத்தான். அதே மாதிரி இரட்டை மிதவைப் பந்தயப் படகுதான், ஆனால் சின்னது. காரின் பின்னால் மாட்டி இழுத்துப்போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும். முன்போல விடிந்ததும் போய் இருட்டிய பிறகு வர இப்போது முடியாது. எதை எடுப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். ஏறுகிறவர்களின் மொத்த எடை நூற்றுப்பத்து கிலோ.

என் சின்ன மகளுக்குப் பதினான்கு வயது முடிந்துவிட்டது. என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று, பழுதான லிஃப்டை விட்டுவிட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிஃப்டைக் கழற்றிப் போட்டேன். மேஸ்திரியிடம் நல்ல திட்டு.

அது சரி, அது என்ன நூற்றுப்பத்து? ஒரு லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. என்னிடமே கணக்கை மாற்றுகிறாய். நான் மட்டும் எழுபத்தாறு கிலோ. அப்படியானால் நீ முப்பத்து நான்கா? உன் ஆஸ்பத்திரிக்கு வரும் கன்றுக்குட்டிகூட இன்னும் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்குமே!

ஒவ்வொரு பந்தயக் காலம் தொடங்கும்போதும் உன் ஆஸ்பத்திரியில் பெரிய நாய்களை நிறுக்கும் மேடையில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவோமே, ஞாபகம் இருக்கிறதா? வரிசையில் காத்திருக்கும் நாய்க்காரர்கள் முறைப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் படகுக் கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதுவோம். முதல் வருடம் 97, கடைசி வருடம் 135. அதை அழித்துவிடவில்லையே?

என் யோசனை இதுதான்: பதினாறு அடிப் படகு, இரண்டு பாய். காற்று ஏறும்போது படகு சாயாமல் இருக்க, பாய்மரக் கம்பியில் இடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே தொங்க ஒரு ஆள் வேண்டும். அது நான்தான். மூன்று வருடம் என்று சொல்லிவிட்டு இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவன் ஐந்தாக்கிவிட்டேன், தெரியும். என் இடத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே.

என் வீட்டுக்காரிக்கு இது ஐந்தாம் மாதம். நலமாக இருக்கிறாள்.

உன்,
தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

கணக்கில் தப்பில்லை. மேடையில் இரண்டு தடவை ஏறிப் பார்த்தாயிற்று. நூற்றுப்பத்துதான். அதில் நான் ஐம்பத்தொன்பது.

பதினாறு அடிப் படகு கவிழ்ந்தால் நூற்றுப்பத்து கிலோவால் அதை நிமிர்த்த முடியுமா? அதை மட்டும் சொல்.

முதல் வருடம் கவிழ்ந்தோமே, அப்போது உனக்கும் பதினான்கு வயதுதான். எத்தனை முறை கயிற்றைப் பிடித்துச் சாய்ந்தும் படகு அசையவில்லை. கவிழ்ந்த மிதவையில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நீயாவது இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டிருக்கலாம்" என்றாய். நான் சிரித்தேன். ஆனால் மீட்புப் படகு வரும்வரை உன் கையை விடவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இன்னொரு முறை அதைத் தாங்க மாட்டேன்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நீயாகவே புரிந்துகொண்டால் தேவலை என்று கோழைபோல எழுதாமல் விடுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நூற்றுப்பத்தில் ஐம்பத்தொன்பது போனால் ஐம்பத்தொன்று. நம் வீட்டில் ஐம்பத்தொரு கிலோ யார் என்பது கடிதத்தை மடிப்பதற்குள் தெரிந்துவிட்டது. பதில் எழுத மூன்று வாரம் ஆனது கோபத்தால். என் இடத்தில் சின்னவளை ஏற்றிவிட்டு, அதற்குப் படகையும் என்னையே பார்க்கச் சொல்கிறாயே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வீட்டுக்காரிதான் கேட்டாள்: "நீங்க இங்கேயே இருக்கப்போறதா கையெழுத்துப் போட்டீங்களே, அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. போன நவம்பரிலேயே வேலை நிரந்தரமாகிவிட்டது. விடுமுறைக்கு வருவேன் அக்கா. இருப்பதற்கு வரமாட்டேன். என்னை மன்னித்துவிடு.

பதினாறு அடி வேண்டாம். பதினான்கு அடி எடு. இப்போதைக்கு ஒரே பாய் போதும், சின்னவளுக்குக் கை பழகியதும் முன்பாயைப் பூட்டிக்கொள்ளலாம். உங்கள் எடைக்கு அது நிமிரும் என்றுதான் என் கணக்கு சொல்கிறது. ஆனால் என் கணக்கை நம்பாதே. வாங்கும் முன் கரையோரத்தில் கவிழ்த்து, நீங்கள் இருவருமே நிமிர்த்திப் பாருங்கள். நிமிராவிட்டால் வாங்காதே.

கம்பியில் மாட்டித் தொங்க நான் கட்டிக்கொள்ளும் பெல்ட் பார்சலில் வருகிறது. வாரை அவள் அளவுக்குச் சுருக்கி நானே தைத்தேன், தையல் கோணல்தான், பிரியாது. கொக்கி புதிது. தொங்கும்போது தண்ணீரைப் பார்க்க வேண்டாம், அம்மா முகத்தைப் பார்க்கச் சொல். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் தொங்கினேன்.

உன்,
தம்பி


மே 10

என் தம்பிக்கு,

நீ வரமாட்டாய் என்பது, உன் புத்தகங்களையெல்லாம் அனுப்பச் சொன்ன அன்றே எனக்குத் தெரியும். நீ சொல்லும்வரை தெரியாதவள்போல இருந்துவிடலாம் என்று பார்த்தேன். உனக்கு வாய்த்த அக்காவும் உன்னைப்போலத்தான்.

பதினான்கு அடி வாங்கிவிட்டோம். மார்பளவு தண்ணீரில் கவிழ்த்துப் பார்த்தோம். மூன்றாம் முயற்சியில் நிமிர்ந்தது. மறுபடி மூன்று தடவை கவிழ்க்கச் சொன்னேன், மூன்று தடவையும் நிமிர்ந்தது. முதல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம். கம்பியில் தொங்கும்போது சின்னவள் உன்னைப்போலவே வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

அத்தான் கொட்டகைக்கு வண்ணம் அடித்தார். கதவை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் நாய் மேடையில் ஏறினோம். சின்னவள் உன் பெல்ட்டைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். முள் நூற்றுப்பதினொன்றரையில் நின்றது. கழற்றிவிட்டு ஏறு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து அதை அப்படியே கதவில் எழுதிவிட்டேன்.

அந்த ஒன்றரை கிலோ நீ.

அன்புடன்,
அக்கா