கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்குக் குடும்ப ஜெபம் நன்றாக அமைந்தது. இதை நானே சொல்லக்கூடாது. ஆனால் வேறு யாரும் சொல்லவில்லையே. "ஆண்டவரே, காலேஜ் புத்தகத்தை விட்டுவிட்டுச் செல்போனையே படிக்கிற இந்தப் பிள்ளைக்குப் புத்தி தாரும். பாத்திரம் கழுவினால் கை தேய்ந்து போகாது என்பதை அவளுக்கு வெளிப்படுத்தும்" என்று ஆரம்பித்தேன். நேரில் சொன்னால் மகள் ஜீவிதா எதிர்த்துப் பேசுவாள். ஜெபத்தில் சொன்னால் கண்ணை மூடிக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கடைசியில் ஆமென் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

அடுத்து என் மனைவி ஞானசுந்தரியின் முறை. "ஆண்டவரே, மூணு வருசமா ஒழுகற சமையக்கட்டுத் தகரத்த மாத்தறதுக்கு, சோம்பேறியா இருக்கற உம்ம மகனுக்கு நல்ல மனசத் தாரும்" என்றாள். ஆண்டவரின் அந்த மகன் நான்தான்.

ஜெபத்தை இப்படிக் குத்திக்காட்டப் பயன்படுத்துவது தவறு என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு ஜெபத்தில் சொல்லலாம்.

ஜூன் 7, சனி

குன்னூர் முழுக்க மழை. பேக்கரியில் நான் சுட்ட வர்க்கி பிஸ்கட்டெல்லாம் நமுத்துப் போனது. முதலாளி திட்டினார், கண்ணைத் திறந்துகொண்டே.

ஜூன் 12, வியாழன்

இன்றும் ஜீவிதா தன் முறை வந்தபோது வாயைத் திறக்கவில்லை. அம்மா முழங்கையால் இடித்தும் திறக்கவில்லை. நாலைந்து நாளாக இப்படித்தான். "மனசுக்குள்ளயே பண்ணிட்டேங்கப்பா" என்கிறாள். சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பூனைக்கு வயிற்றுவலி என்று கண்ணீர்விட்டு ஜெபித்த பிள்ளை!

அவளைப் பேசவிடாத ஊமையான ஆவி விலகும்படி நீளமாக ஜெபித்தேன். ரசம் ஆறியதுதான் மிச்சம்.

ஜூன் 15, ஞாயிறு

தந்தையர் தினம். சபையில் அப்பாக்களுக்கு ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்தார்கள். பாஸ்டர் நன்றாகப் பேசினார். "ஆண்டவர அப்பான்னு நெனச்சு ஜெபம் பண்ணுங்க. உங்க அப்பாகிட்ட பயமில்லாமப் போயி நிப்பீங்கல்ல, அந்த மாதிரி போயி நில்லுங்க." எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தலையாட்டினேன்.

வரும் வழியில் ஒரு காட்டெருமை ரோட்டை மறித்து நின்றது. நாங்களும் நின்றோம். நேரத்தை வீணாக்குவானேன் என்று ஜீவிதாவிடம் கேட்டேன்: "பாஸ்டர் சொன்னதக் கேட்டயா? அப்பான்னு கூப்பிட்டு ஜெபம் பண்றதுல உனக்கென்ன கஷ்டம்?"

காட்டெருமையைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்படித்தானுங்கப்பா ஆரம்பிச்சேன். அப்பான்னதும் உங்க மொகந்தான் வருது. அதுக்கு மேல என்ன சொன்னாலும் திட்டு விழுமோன்னு இருக்குது. அதான் நிறுத்திட்டேன்."

ஞானசுந்தரி முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். காட்டெருமை நகர்ந்துவிட்டது. நான்தான் நகரவில்லை.

ஜூன் 16, திங்கள்

நான் அப்படியா? குடித்ததில்லை. பிள்ளையை ஒரு அடி அடித்ததில்லை. அப்புறம் என்னவாம்? என் மூஞ்சியால் கடவுளுக்கே கெட்ட பேரா?

யோசித்துப் பார்த்தால், நான் ஜெபிப்பதும் முதலாளி முன்னால் நிற்கிற மாதிரித்தான். முதலில் புகழ்ச்சி, அப்புறம் சாக்கு, பிறகு மற்றவர்கள்மேல் புகார் – என்மேல் அவர் கண் விழாமல் இருக்க.

பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. மனசில் ஏதோ இருக்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்லீங்கப்பா". என்னிடம் சொல்லமாட்டாள், சரி. ஆண்டவரிடமாவது சொல்லலாமே? எங்கே சொல்வது... அந்த வழியையும் நானல்லவா அடைச்சுட்டு உக்காந்திருக்கேன்!

ஜூன் 19, வியாழன்

யாரையும் திட்டாமல் ஜெபித்துப் பார்த்தேன். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஞானசுந்தரி ஒற்றைக் கண்ணைத் திறந்து, "ஏனுங்க, ஒடம்புக்கு ஆகலீங்களா?" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

தகரம் மாற்றியாயிற்று. ஆண்டவர் ஞானசுந்தரியின் ஜெபத்தைக் கேட்டார். ஏணியில் ஏறியது நான்.

ஜீவிதாவின் ஜெபம் இன்னும் மனசுக்குள்தான்.

ஜூலை 2, புதன்

சாயங்காலம் ஜீவிதா பேக்கரிக்கே வந்துவிட்டாள். குடையைக்கூட மடக்கவில்லை. "ரெண்டு அரியர் விழுந்துருச்சுங்கப்பா. ரிசல்ட் வந்து மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. காலேஜுக்குப் போகவே பயமா இருக்குது."

வாயைத் திறந்தேன். போன், பாத்திரம், எதிர்வீட்டுப் பெண்ணின் மார்க் எல்லாம் நாக்கில் வரிசைகட்டி நின்றன. எதை முதலில் விடுவது என்று பார்ப்பதற்குள், கூரைக்குள் வந்தும் அவள் இன்னும் குடையைப் பிடித்தபடியே நிற்பது கண்ணில் பட்டது.

"இத்தன நாளா தனியாவா வெச்சிருந்த?" என்றுதான் வந்தது.

அழுதாள். மாவுக் கையோடு அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி எங்களைப் பார்த்தார். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

வீட்டில் ஜெபம். என் முறை. "அப்பா" என்றேன். வழக்கமான வார்த்தை எதுவும் கூட வரவில்லை. வேறு வழியில்லாமல் பேசுகிற மாதிரியே பேசினேன். "புள்ள பயந்து போயிருக்குதுங்க. எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியல. கொஞ்சம் பாத்துக்கங்கப்பா."

அடுத்து ஜீவிதா. இந்தத் தடவை ஞானசுந்தரி இடிக்கவில்லை. பிள்ளையே மெதுவாக, "அப்பா..." என்று ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது எனக்குச் சொன்னதல்ல.