வூட்டுக்கு வாங்க

10 ஜூலை 2006, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட வடகம் எதிர்வீட்டு மல்லிகா அக்கா வாசலில். "உன் வூட்டு வடகம் எனக்குன்னு எழுதியிருக்கு"ன்னு பாதியை எடுத்துக்கொண்டார்.

அரியலூர் பஸ்ஸில் சிறுவாச்சூர் முதல் ஆபீஸ் வரை நின்றபடி. டைப் அடிக்க மலை மாதிரி பேப்பர்.

வீடு வந்ததும் போன். யாரோ தம்பி, நல்ல மரியாதை. "அக்கா, குவைத்துலேர்ந்து லீவுல வந்திருக்கேன். ராசேந்திரண்ணன் கம்பெனிதான் நானும். அண்ணன் ஒரு பார்சல் குடுத்து வுட்டாரு. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வரேன்." எங்கள் தெரு தெரிகிறது, சுகந்தி பிளஸ் ஒன் படிப்பது தெரிகிறது. வீட்டுக்காரர் அங்கே எங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார் போல.

"வெள்ளிக்கிழமை நான் ஆபீஸ்ல இருப்பேன் தம்பி. பரவால்ல, பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடும். வூட்டுக்கு வாங்க, காப்பி சாப்புட்டுட்டுப் போலாம்"னு சொன்னேன்.

பார்சலில் என்ன இருக்கும்? பேரீச்சம்பழம், தைலம், சென்ட். சென்ட் வேண்டாம் என்று போன தடவையே சொன்னேன். கேட்டால்தானே.

11, செவ்வாய்

சுகந்தியிடம் பார்சல் விஷயம் சொன்னேன். குதிப்பாள் என்று பார்த்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் பேரு என்னம்மா?" அட, பேர் கேட்கவில்லையே நான்.

காஸ் புக் பண்ண வேண்டும். மறக்கக் கூடாது.

12, புதன்

இவர் போன் பண்ணினார். பார்சலைச் சொன்னேன். "பார்சலா? நான் யாருகிட்டயும் ஒண்ணும் குடுக்கலையே. யாரு அவன்?" அதற்குள் கார்டு தீர்ந்து லைன் கட்.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். சுகந்தி சமையலறை வாசலில், முந்தியே அழுத முகத்தோடு.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் அப்பா சாட்டில் வரக் காத்திருந்தபோது (நான் மார்க்கெட் போயிருந்தேன், தக்காளி வாங்க) ஸ்கிரீனில் ஒரு பெட்டி திறந்ததாம். எவனோ எந்த ஊர் என்று கேட்டானாம். எந்தத் தெரு, என்ன படிக்கிறாள், யார் வீட்டுப் பெண், அப்பா பேர் என்ன, எங்கே வேலை. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகுதான் அவன் "நானும் குவைத்துதான்" என்றானாம். லீவில் வந்திருக்கிறேன், போன் பண்ணுகிறேன் என்று வீட்டு நம்பரும் வாங்கியிருக்கிறான்.

"ஏன்டி சொன்ன?"

"பெரியவங்க கேட்டா சொல்லணும்லம்மா. பஸ்ல எல்லாரும் கேக்குறாங்க, நீயும் சொல்ற."

"அப்புறம்?"

"கெளம்புறப்ப வூட்டுக்கு வாங்கன்னு அடிச்சேன். யாரா இருந்தாலும் அப்புடித்தான் சொல்லணும்னு நீதானம்மா சொல்லிக் குடுத்த."

கை ஓங்கிவிட்டேன். அப்படியே இறக்கினேன். அவள் ஊரையும் பேரையும் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை பெண் தனியாக இருப்பாள் என்று சொன்னது யார்? காப்பி வேறு. எனக்கு என்ன வயசு, அவளுக்கு என்ன வயசு!

13, வியாழன்

காற்று அடங்கவில்லை. ஆபீஸில் மூன்று பிழை. சூப்பரின்டெண்ட் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நாளைக்கு சி.எல். லீவு.

நேற்று ராத்திரி முடிவு செய்தது: இனி பிரவுசிங் சென்டர் பக்கமே போகக்கூடாது. காலையில் பல் தேய்க்கும்போதே அந்த முடிவு ஆட்டம் கண்டது. ஞாயிறு டூட்டி முடிந்து இவர் அங்கே கேமரா முன்னால் வந்து உட்காருவார். அந்தத் துண்டுப் பெட்டியில் முகம் தெரியும், விட்டு விட்டு. மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் ஆம்பளை முகம் அது ஒன்றுதான். அதையும் மூடிவிட்டால்?

பெரிய மாமா காதுக்குப் போனால் "பொம்பளப் புள்ளைக்குப் படிச்சது போதும்" என்பார். இவரின் அண்ணன், எதிர்த்துப் பேச முடியாது. அவருக்குச் சொல்லவில்லை. மல்லிகா அக்காவிடம் மட்டும் சொன்னேன். "ஸ்டேஷனுக்குப் போவமா?" என்றார். பேர் தெரியாது, நம்பர் தெரியாது, நம் போனில் நம்பரும் விழாது. நாளைக்கு வந்தான் என்றால் போவது என்று வைத்துக்கொண்டோம்.

சாயங்காலம் சுகந்தியோடு சென்டர். சென்டர் நடத்தும் அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, பேரோட ஊரையும் சேத்து ஐடி வச்சா, வழிகாட்டிப் பலகை வச்ச மாதிரில்ல?" ஐடி மாற்றினார். தெரிந்தவர்கள் தவிர யாரும் பேச முடியாதபடி எதையோ அமுக்கினார். எப்படி என்று சுகந்தியைச் செய்யச் சொல்லி, பிறகு என்னையும் செய்யச் சொன்னார். டைப்பிஸ்ட் ஆகி என்ன, அம்புக்குறியைப் பிடிக்கவே தடுமாறினேன். சுகந்தி சிரித்தாள். சிரித்தாளே!

திரும்பும்போது பஸ்ஸில் பூக்கூடையோடு ஒரு அம்மா. "எந்த ஊரு கண்ணு? யாரு பொண்ணு?" சுகந்தி என்னைப் பார்த்தாள். நானே பதில் சொல்லி, அவர் ஊரையும் கேட்டேன். இறங்கிய பிறகு சொன்னேன்: "அந்தம்மா மூஞ்சி நமக்குத் தெரியும். அவங்க ஊரையும் நாம கேட்டோம்ல, அவங்களும் சொன்னாங்க. கேக்குறவங்க யாருன்னு தெரியாம நாம சொல்லக் கூடாது. தெரியலன்னா திருப்பிக் கேளு."

"மரியாத இல்லன்னு நெனப்பாங்களேம்மா."

"நெனச்சுட்டுப் போவட்டும்."

14, வெள்ளி

கோயில் கூட்டம். தெருவெல்லாம் வெளியூர் வண்டி. இதில் யாரைக் கண்டுபிடிப்பது?

சுகந்தியை நானே ஸ்கூலிலிருந்து கூட்டி வந்தேன். மல்லிகா அக்கா வாசலில், கையில் விளக்குமாறு. பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டு.

போன். நான்தான் எடுத்தேன். என் சத்தம் கேட்டதும், பெண் தனியாக இருப்பாள் என்று நினைத்தவன் ஒரு நொடி திணறினான். "அக்காவா? ஆபீஸ் போவலயா? கோயில் ஸ்டாப்புல நிக்கிறேன்." சுகந்தி ரிசீவரைப் பிடுங்கிவிட்டாள்.

"நீங்க எந்த ஊரு?"

என்னவோ சொன்னான்.

"யாரு வூட்டுப் புள்ள? உங்கப்பா பேரு என்ன?"

"அதெல்லாம் எதுக்கு பாப்பா?" பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"கேட்டா சொல்லணும்ல?"

நான் வாங்கி, "எங்க வூட்டுக்காரரு யாருகிட்டயும் பார்சல் குடுக்கலயாம். இங்க எல்லாரும் இருக்கோம்"னேன். வைத்துவிட்டான்.

இருட்டும் வரை யாரும் வரவில்லை. மல்லிகா அக்காவுக்குத்தான் ஏமாற்றம். "வந்திருந்தான்னா தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிச் சொல்லி காப்பி குடித்தார். சுகந்தி என் மடியில் படுத்துக்கொண்டாள், வெகுநாளைக்குப் பிறகு. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

15, சனி

காஸ் புக் பண்ணினேன். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள். வேறொன்றும் இல்லை.

16, ஞாயிறு

காற்று குறைவு. சென்டரில் இருவருமாக ஒரே கேபினில். தக்காளி அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இன்று கேமரா வேலை செய்யவில்லை, எழுத்து மட்டும். அப்பாதான் என்று எப்படி நம்புவது என்கிறாள் சுகந்தி! "அம்மாவை வூட்ல என்னன்னு கூப்புடுவீங்க?" என்று அடித்தாள். தடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "டக்குடக்கு." கல்யாணமான புதிதில் என் டைப்ரைட்டர் சத்தத்துக்கு வைத்த பேர். இந்தப் பெண்ணுக்கு இத்தனை நாள் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்து கேபின் வரை சிரித்தாள்.

நடந்ததை எல்லாம் நானே அடித்தேன். படித்துவிட்டுப் பயந்து போனார், பிறகு திட்டினார், பிறகு சுகந்திக்கு சபாஷ் போட்டார். நேரம் முடியப் போகிறது என்று அண்ணன் குரல் கொடுத்தார்.

கிளம்பும்போது என்ன சொல்வது? வடகத்தில் பாதியை எடுத்துக்கொண்டவரிடமும் சொல்கிறோம், பேர் தெரியாதவனிடம் சொன்னோம். இவரிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை. கடன் இருக்கிறது, வேலை இருக்கிறது, எப்படிச் சொல்வது என்று.

ஆபீஸில் பார்க்காமலே அடிக்கும் கை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடியது. வூட்டுக்கு வாங்க.

அந்தப் பக்கம் அவர் எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. சுகந்தி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.