கோட்டுக்கு வெளியே

அன்புள்ள அப்பாவுக்கு,

என் முட்டி வலி குறைந்துவிட்டது. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

"நல்லா ஓடுறடா, பந்துதான் உன் பக்கம் வரமாட்டேங்குது" என்று வாராவாரம் சொல்வீர்கள். இந்த நாட்டுக்குக் கால்பந்து ஆட வந்து ஓராண்டாகிறது. நீங்கள் நினைப்பதுபோல இடது விங்கில், அந்த ஓர ஆட்டக்காரன் இடத்தில், ஒரு நிமிடம்கூட என்னை இறக்கவில்லை. மாற்று ஆட்டக்காரர்களான நாங்கள் கோட்டுக்கு வெளியே ஓடி உடம்பைச் சூடாக்குவோம். டிவியில் நீங்கள் பார்த்தது அந்த ஓட்டம். கேமரா திரும்பும் நேரம் பார்த்து எழுந்து ஓடுவேன்.

நேற்று பயிற்சியாளர், "உன்னை யாரும் கூப்பிடலையே, எதுக்குப்பா ஓடுற?" என்றார்.

"அப்பா பாப்பாரு சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்றார்.

சனிக்கிழமை ஆட்டத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். சேர்ந்தே பார்ப்போம். என் இடத்தில் கோட்டுக்கு வெளியே ஓடுகிறவனை உங்களுக்குக் காட்டுகிறேன்.

உங்கள்
சின்னவன்