கிண்ணத்தின் கடைசிக் கரண்டி

12 ஜூன் 2006
ஆபீசில் என் உதவியாளன் பிரவின்குமார் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினான். அவன் கணக்குப் போட்டு வரைந்த தொண்டைக்குள் கஞ்சி இறங்குகிறது. மடிந்து, தயங்கி, வழுக்கி. "நெஜக் கஞ்சி மாதிரியே கீது பாருங்க மேடம்." பளபளப்பை நான் நம்புவதில்லை. எண்களைக் கேட்டேன். கஞ்சியைக் கெட்டியாக்கும் சோளமாவுப் பொடியைக் கரைத்து, எவ்வளவு கெட்டி என்று நானே அளந்தேன். சரியாக இருந்தது. திரையில் மூச்சுக்குழாய்ப் பக்கம் ஒரு சொட்டும் போகவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஒரு டப்பா பொடியை வீட்டுக்கும் எடுத்து வந்தேன்.

13 ஜூன்
பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவர் ராகவனுக்கு நீர்த்தது எதுவானாலும் புரையேறுகிறது. நுரையீரலுக்குள் போனால் மூக்கில் குழாய்தான் என்கிறார் செங்கல்பட்டு டாக்டர். குழாய் மட்டும் வேண்டாம் என்று இவர் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். இன்று கஞ்சியைப் பார்த்துவிட்டுக் குழறினார்: "மொதல்ல உன் கம்ப்யூட்டர் சாப்பிட்டுதா?"

19 ஜூன்
மதியம், வீட்டு வேலைக்கு வரும் அம்சா ஊட்டும்போது இருமல் இல்லை. மாலை நான் ஊட்டினால், கிண்ணம் காலியாகும் நேரத்தில் இருமுகிறார். ஏன்? இரண்டு வேளையும் கலப்பது அம்சாதான். திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பொடியைக் குறைக்கிறாளோ?

20 ஜூன்
கேட்டேவிட்டேன். "நான் இன்னாத்துக்குமா கொறைக்கப் போறேன்? நீதான் எச்சக் கரண்டிய கிண்ணத்துலயே வுட்டு வுட்டு எடுக்கற. நான் சின்ன கப்புல கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக்கினு ஊட்டறேன். எச்ச பட்டா கஞ்சி நீத்துப்பூடும்மா."
எச்சில், தீட்டு - இதையெல்லாம் காலேஜில் விட்டவள் நான். நாற்பத்தொன்பது வயதில் திரும்பவுமா? தராசு வாங்கி வைத்தேன். நிறுத்துப் போடட்டும்.

21 ஜூன்
நிறுத்துத்தான் போட்டாள். இருமினார்.

24 ஜூன்
காலையிலிருந்து காய்ச்சல். அவர் மூச்சில் கஞ்சி கொதிப்பதுபோல ஒரு சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டேன். சத்தம் நிற்கவில்லை.

25 ஜூன்
நேற்று மாலை ஆம்புலன்ஸ். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்.
துணி எடுக்க இன்று வீட்டுக்கு வந்தேன். அவர் பாதியில் விட்ட கிண்ணம் மேஜையில் இருந்தது. சாய்த்தேன். தண்ணீராக ஓடியது. கரண்டி படாத மிச்சம் அடுப்படிப் பாத்திரத்தில் இருந்தது. அதையும் சாய்த்தேன். அசையவில்லை.
அவள் சொன்னாளே. சொன்னாளே.

10 ஜூலை
தொண்டைக் கணக்கில் எச்சிலை எங்கே சேர்த்தாய் என்று பிரவின்குமாரிடம் கேட்டேன். "அது லிஸ்ட்லயே இல்லியே மேடம். லிஸ்ட் நீங்க குடுத்ததுதான்."

17 ஜூலை
வீட்டுக்கு அழைத்து வந்தோம். என் கையை அவர் பிடித்துக்கொள்வதில்லை. அம்சா பழக்கத்தில் கிண்ணத்தையும் சின்ன கப்பையும் எடுத்து வைத்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கப்பை உள்ளே வைத்தாள். குழாய்க்கு நீர்க்கத்தான் கரைக்க வேண்டுமாம்.