எல்லாம் அனு

ஜூன் 4

வேலைக்குத் திரும்பினேன். போன மாதம் வந்த வலிப்பு அரை மணி நேரம் நிற்கவில்லை, உதடு நீலமாகிவிட்டதாம். மூளைக்கு ஆக்ஸிஜன் போதவில்லை, புது ஞாபகம் பதியும் இடம் அடிபட்டிருக்கிறது, சொற்களும் நழுவும் என்றார் டாக்டர். சரி. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது புரியாதா? கரண்ட் குறைந்தால் போர்டு கெடும்.

ஜூன் 6

‘ஸ்பானர்’ வாயில் வரவில்லை. “அந்த அனுவை எடு” என்றேன். உதவிப் பையன் உடனே ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான்! ஜாவாவில் எங்கள் சோலோ நகரத்தில் சொல் வராதவன், சொல்ல விரும்பாதவன், எல்லோருக்கும் எல்லாமே ‘அனு’தான். என் பழுது யாருக்குத் தெரியப்போகிறது?

ஜூன் 9

முதலாளி திர்கோ ஐயா, எங்கள் வழக்கில் பாக் திர்கோ, சொல்கிறார்: “முன்னெல்லாம் மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுவே விக்னியோ. இப்பதான் நல்ல ஜாவாக்காரனா நிதானமா பேசுற. வலிப்பு உனக்கு நல்லதுதான் பண்ணிருக்கு.”

நிதானமா? சொல்லைத் தேடிட்டு நிக்கிறேன்யா!

ஜூன் 15

என்னைத் தலைமை மெக்கானிக் ஆக்குகிறாராம்.

“முடியாது பாக். மூளை சரியில்ல.”

“பார்றா, என்ன பணிவு!”

இங்கே பதவியைக் கேட்டவுடன் ஏற்பவன் நாகரிகம் கெட்டவன். மறுபடி மறுத்தேன்; கூட வேலை செய்பவர்கள் கை தட்டினார்கள். இன்னொரு தடவை மறுத்தேன், ஆக்கிவிட்டார்கள்.

மனைவி ராத்ரி சிரித்தாள். “பெரிய மனுஷன் ஆயிட்டீங்க.” பிறகு சிரிப்பு நின்றது. “காலைல ஒரே கேள்விய திரும்பத் திரும்பக் கேட்டீங்க.”

கேட்டேனா?

ஜூன் 18

லிஃப்ட் குழிக்குள் நானும் பாக் திர்கோவும்.

“மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணி பூட்டினியா?”

“அனு…”

“எந்த அனுடா?”

“பூட்டினேனான்னு தெரியல பாக். நெஜமாவே தெரியல.”

அந்தக் குண்டு மனிதர் என்னைத் தள்ளிவிட்டு ஏணியில் ஏறிய வேகம்! மேலே போய்ப் பார்த்தோம். பூட்டவில்லை.

லிஃப்ட் இறங்கியிருந்தால் ரெண்டு பேரும் நசுங்கியிருப்போம்.

ஜூன் 19

பதவி போச்சு. வேலை இருக்கிறது, கீழே குழி வாசலில் காவலுக்கு. யோசித்தேன்: ஞாபகம் எதற்கு? பூட்டினால்தான் சாவி வெளியே வரும் பூட்டு ஒன்று வாங்கினேன். சாவி கையில் இருந்தால் பூட்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஜூன் 24

குழிக்குள் ஆள் வேலை செய்கிறான். சாவி என் வலது முஷ்டிக்குள்; பையில் போட்டால் மறந்துவிடும். வாசலிலேயே நின்று சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

“ச்சீ, இடது கையாலயா தின்னுவே?” என்றாள் சோறு கொண்டுவந்த கடைக்கார அம்மா. “வளர்ப்பு அப்படி!”

பாக் திர்கோ என்னைத் திட்ட வாயைத் திறந்தார். முஷ்டியைப் பார்த்தார். அவளிடம் ஒரு ஸ்பூன் கேட்டு வாங்கி என் இடது கையில் வைத்தார்.