விறாந்தையில் ஏழு புதன்கிழமைகள்

நோபல் பார்க்,
ஞாயிற்றுக்கிழமை, 20-6-1976

அன்புள்ள மகள் யோகாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் லண்டன் ஆஸ்பத்திரி வேலையோடு உடம்பையும் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். உன்னுடைய எயர் மெயில் போன திங்கட்கிழமை கிடைத்தது. அம்மா இரண்டு தரம் வாசித்தாள், பிறகு என்னை உரக்க வாசிக்கச் சொல்லி மூன்றாம் தரமும் கேட்டாள். அவளுடைய முழங்கால் நோவு பரவாயில்லை, பிஸ்கற் தொழிற்சாலையில் இப்போது கதிரையில் இருந்து செய்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு டண்டினோங் அச்சகத்தில் புரூவ் பார்க்கிற வேலை அப்படியே போகிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். தங்கச்சி கமலினியைச் சமய வகுப்பிலிருந்து ஏன் மறித்தீர்கள், நாங்கள் எல்லாரும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிச்சனாங்கள்தானே, எங்களுக்கு என்ன நடந்தது என்று எழுதியிருந்தாய். அம்மா தன் கடிதத்தில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. நடந்ததை முறையாகச் சொல்கிறேன், பிறகு நீயே யோசித்துப் பார்.

இங்கே அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற ஆசிரியர்கள் சமயம் படிப்பிப்பதில்லை. வாரத்தில் அரை மணித்தியாலம், கமலினியின் பள்ளிக்கூடத்தில் அது புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு, தேவாலயத்திலிருந்து யாராவது சம்பளம் இல்லாமல் வந்து படிப்பிப்பார்கள். தாய் தகப்பன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பிள்ளை போகத் தேவையில்லை. போன வருடம் அந்தப் படிவம் வந்தபோது நான் சம்மதம் என்று ஒப்பம் வைத்துக் கொடுத்தேன். நீ இப்போது கேட்பதைத்தான் நானும் அன்றைக்கு நினைத்தேன். நானும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதாகமப் பரிசு வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவித் திருநீறு பூசினவன்தான்.

இவர்களுக்குப் படிப்பிக்கிறவர் மிஸிஸ் விற்மோர். அறுபது வயதிருக்கும், பப்டிஸ்ற் சபை, நல்ல மனுசி. மார்ச் பத்தாம் திகதி வகுப்பில் அவர் பிள்ளைகளிடம், வீட்டிலே யார் யார் பிரார்த்தனை செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். கமலினி கையை உயர்த்தி எங்கள் வீட்டுப் பிள்ளையாரைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஒரு பையன் சிரித்தானாம். மிஸிஸ் விற்மோர் அவனை அடக்கிவிட்டு, எல்லாரும் கண்ணை மூடுங்கள், கமலினியின் குடும்பத்துக்காக ஜெபிப்போம் என்று சொல்லியிருக்கிறார். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் கண்ணை மூடி எங்களுக்காக ஜெபித்திருக்கிறார்கள். அன்று பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முந்தி, அவள் ஓடி வந்து, "அப்பா, ஆருக்கு வருத்தம், ஆருக்குச் சுகமில்லை? அம்மாவுக்கோ உங்களுக்கோ? வகுப்பெல்லாம் எங்களுக்காகக் கும்பிட்டவை" என்று கேட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஒருத்தருக்கும் வருத்தமில்லை என்று நான் சொல்ல, அப்ப ஏன் கும்பிட்டவை என்று கேட்டாள். அடுத்த நாள் அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். புதன்கிழமைகளில் அவளை எங்கே இருத்துகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, அது என்னுடைய பிழை. வகுப்புக்கு வெளியே விறாந்தையில், குளிர்ச்சட்டைகள் கொழுவுகிற கொளுக்கிகளுக்குக் கீழே ஒரு வாங்கு கிடக்கிறது. குழப்படி செய்கிற பிள்ளைகளை இருத்துகிற வாங்கு அதுதான். அதில் கமலினியும், அய்செல் என்று ஒரு துருக்கிப் பிள்ளையும் அரை மணித்தியாலம் இருப்பார்களாம். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் என்ன செய்தனீங்கள், என்ன செய்தனீங்கள் என்று கேட்பார்களாம். ஆறு கிழமை இவள் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது கிழமை வர முந்தி, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில், நீங்கள் குடுத்த துண்டைத் திருப்பி வாங்குங்கோ அப்பா என்றாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். "இற்ஸ் ஓகே அப்பா, ஐ வில் ஜஸ்ட் சிற் இன்சைட்" என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அம்மா வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் வாங்குக் கதை வெளியில் வந்தது.

நான் உடனே யாழ்ப்பாணத்தான் செய்கிற வேலையைச் செய்தேன். பெட்டிசம் எழுதினேன். மூன்று பக்கம், ஒன்பது பந்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம். அன்றிரவு பார்க்க வந்த சச்சிதானந்தன் மாமா காபன் தாள் வைத்துக் கொடுத்துக்கொண்டே பிரதிகள் எத்தனை என்று கேட்டார். மூன்று என்றேன். "என்னண்ணை, மூண்டு பிரதியோடை போற பெட்டிசத்தை ஆர் வாசிக்கிறது?" என்று அவரே கணக்கைக் கூட்டினார். தலைமையாசிரியருக்கு மூலம், பிரதிகள் கல்வி அமைச்சர், திணைக்களப் பணிப்பாளர், பகுதிப் பரிசோதகர், பாராளுமன்ற உறுப்பினர், பள்ளிக்கூடச் சபைத் தலைவர், மிஸிஸ் விற்மோரின் போதகர் என்று ஆறு பேருக்கு. மகாதேசாதிபதிக்கும் ஒன்று போடுவோமோ என்று கேட்டார். போன நவம்பரில் பிரதமரை வீட்டுக்கு அனுப்பினதிலிருந்து அந்தாளுக்கு இருக்கிற கரைச்சல் போதும் என்று நான்தான் மறித்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஏழு உறைகளையும் தபாலில் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமையே தலைமையாசிரியர் மிஸ்ரர் டோயில் என்னைக் கூப்பிட்டார். பரிசோதகர் ரெலிபோனில் கேட்டபோதுதான் அவருக்கே விறாந்தை விசயம் தெரிந்ததாம், மூலம் அவர் மேசைக்கு வர முந்திப் பிரதி அங்கே போய்விட்டது. அவர் கோபிக்கவில்லை. "மிஸ்ரர் விக்னராஜா, ஒவ்வொரு நாளும் காலையில் நான் கேற்றடியில் நிற்கிறேன், நீங்கள் வேலைக்குப் போகிற வழியில் எனக்குக் குட்மோர்னிங் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அதோடு இதையும் சொல்லியிருக்கலாமே" என்றார். எங்கள் ஊரில் பெரிய வாத்தியாரை வெறுங்கையோடு போய் யார் பார்த்தது? எழுத்தில் இல்லாத முறைப்பாட்டை யார் காது கொடுத்துக் கேட்டது? அந்தப் பழக்கத்தை நான் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் விளங்கியது. அவர் என் முன்னாலேயே உதவி ஆசிரியை ஒருவரைக் கூப்பிட்டு, வருகிற புதன் முதல் இந்தப் பிள்ளைகள் நூலகத்தில் இருப்பார்கள், நீங்கள் கூட இருங்கள் என்று சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் பிரதிகளைத் திருப்பி வாங்க முடியாதே. சபைத் தலைவர் கையிலும் போதகர் கையிலும் போன பிரதிகள் ஊரைச் சுற்றின. சுற்றச் சுற்றக் கதையும் மாறியது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் சொல்கிற பிரார்த்தனையை நான் நிற்பாட்டச் சொன்னேனாம், நத்தார்ப் பாட்டையும் நிற்பாட்டச் சொன்னேனாம். கமலினியின் சிநேகிதி ஷரனின் தாய்தான் இவளைக் காரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகிறவர், மே மாத விடுமுறை முடிந்த அன்று அவர் காரை நிற்பாட்டவில்லை. இவள் எட்டேகாலிலிருந்து எட்டே முக்கால் வரை வாசலில் நின்றாள். பிறகு நான் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று அம்மா என்னை விடவில்லை. "இஞ்சாருங்கோ, வந்த இடத்திலை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதோ? இனி அந்தப் பிள்ளையோடை ஆர் விளையாடுவினம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் பிழை இல்லை. அவள் பிள்ளைக்குச் சிநேகிதி இல்லாமல் போனதற்குக் காரணம் என்னுடைய ஆறு பிரதிகள்.

ஜூன் முதலாம் திகதி செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குச் சபை பெற்றோரைக் கூட்டியது. நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள், கறுத்த ஆள் நான் ஒருவன், அய்செலின் தகப்பன் கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஒருவர் எழும்பி, மூன்று தலைமுறையாக இங்கே இப்படித்தான், பிடிக்காதவர்கள் வேறு பள்ளிக்கூடம் பார்க்கட்டும் என்றார். சிலர் கை தட்டினார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். நான் நாலு நிமிடம்தான் பேசினேன். பிரதிகள் அனுப்பினது என் பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், ஒருவருடைய பிரார்த்தனையையும் நிற்பாட்டச் சொல்லி நான் எழுதவில்லை, பெட்டிசத்தை யாரும் வாசித்துப் பார்க்கலாம், பிழை செய்யாத பிள்ளையைப் பிழை செய்த பிள்ளையின் வாங்கில் இருத்த வேண்டாம் என்றுதான் எழுதினேன் என்று சொன்னேன்.

பிறகு மிஸிஸ் விற்மோர் எழும்பினார். எனக்கு எதிராகத்தான் பேசுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் விறாந்தையில் இருந்தது எனக்குத் தெரியாது, நான் மற்றக் கதவால் வந்து போகிறவள், தெரிந்திருக்க வேண்டும் என்றார். அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்தது அன்பினால்தான், ஆனால் என்னுடைய மகளை ஒரு வகுப்பின் நடுவே இருத்தி அப்படி யாராவது ஜெபித்திருந்தால் நான் அழுதிருப்பேன் என்றார். பிறகு, மூன்று தலைமுறை என்று சொன்னவர் பக்கம் திரும்பி, எங்கள் சபையின் முன்னோர்கள் இங்கிலாந்தில் அரசாங்கத்தின் பிரார்த்தனைக்கு வரமாட்டோம் என்று சொல்லி மறியல் வீட்டில் அடைபட்டுக் கிடந்தவர்கள், அரசாங்கம் ஒரு பிள்ளையைப் பிடித்து இருத்தித்தான் என் வகுப்பு நிறைய வேண்டுமென்றால் எனக்கு அந்த வகுப்பே வேண்டாம் என்றார். யாரும் கை தட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் எழும்பவுமில்லை. நூலக ஒழுங்கு அப்படியே இருக்கும் என்று தீர்மானித்தார்கள். திங்கட்கிழமைப் பிரார்த்தனையும் இருக்கும், ஆனால் எல்லாரும் தலை குனியுங்கள் என்று சொல்கிற இடத்தில், விரும்பியவர்கள் தலை குனியுங்கள் என்று மிஸ்ரர் டோயில் சொல்வார். மாறினது ஒரு சொல். எனக்கு அது போதும்.

இப்போது உன் கேள்விக்கு மறுமொழி. மிஷன் பள்ளிக்கூடம் அவர்களுடையது பிள்ளை, அவர்கள் கட்டினது. அங்கே போகும்போது அவர்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் கும்பிடுகிற நேரம் மரியாதைக்கு எழும்பி நின்றோம், அதில் குறைவொன்றும் இல்லை. இது அப்படியில்லை. இது அரசாங்கத்தின் பள்ளிக்கூடம், என் சம்பளத்திலும் அய்செலின் தகப்பன் சம்பளத்திலும் வெட்டுகிற வரியில் நடக்கிறது. சொந்த வீட்டில் ஒரு பிள்ளை விருந்தாளி மாதிரி நிற்கக் கூடாது. நாலு வருடத்துக்கு முதல் எங்கள் நாட்டு அரசியலமைப்பில் ஒரு சமயத்துக்கு முதன்மை இடம் என்று எழுதினார்களே, அன்று நான் பத்திரிகைக் கந்தோரில் இருந்து அந்த வாசகத்தை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தவன். புத்த சமயத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதலாவது என்று ஒருவரை எழுதினால் மற்றவர்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அதே வரி சொல்லிவிடுகிறது, அதுதான் என் மனவருத்தம். கமலினி அந்த வாங்கைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். மூன்று தலைமுறைக்காரர் இன்னும் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்க்கிறார். ஷரனின் தாய் கூட்டத்துக்குப் பிறகு பத்து நாள் கழித்துத்தான் காரை நிற்பாட்டினார், கண்ணாடியை இறக்கி, மழை வரப் போகிறது, ஏறு என்று மட்டும் சொன்னாராம். அது போதுமென்று கமலினி துள்ளிக்கொண்டு ஏறினாள். நூலகத்தில் இரண்டு பேராக இருந்தவர்கள் இப்போது ஏழு பேர். அதில் நாலு பேருக்கு எந்தச் சமயமும் இல்லை, அங்கே ஹீற்றர் இருக்கிறது என்று வந்தவர்கள் என மிஸ்ரர் டோயில் கேற்றடியில் என்னிடம் முறையிட்டார். முறைப்பாட்டை எழுத்தில் தாருங்கள் என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த ஊரில் ஒருவரைச் சிரிக்க வைத்தது அதுதான் எனக்கு முதல் தரம்.

போன புதன்கிழமை, பெட்டிசம் போட்டு ஐம்பதாம் நாள், கல்வித் திணைக்களத்திலிருந்து மறுமொழி வந்தது. இருபத்தாறு வருடம் மற்றவர்களுடைய பெட்டிசங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன், மறுமொழி வந்த ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. என் பெயரைப் பிழையில்லாமல் எழுதி, ஒன்பது பந்திக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி, ஒரு மனிதர் மையால் ஒப்பம் வைத்திருக்கிறார். பிள்ளைகள் அப்படி இருத்தப்பட்டதற்கு வருந்துகிறோம் என்றும் ஒரு வரி இருக்கிறது. ஒரு அரசாங்கம் எனக்கு வருந்துகிறோம் என்று எழுதுமென்று நான் நினைத்ததே இல்லை. இரண்டு தரம் வாசிக்கக் கண் கலங்கிவிட்டது, அம்மாவுக்குக் காட்டாமல் துடைத்துக்கொண்டேன். கை நீட்டிய நேரம் எங்களுக்கு இடம் தந்த நாடு இது, அந்த நன்றியை நீயும் மறவாதே. அம்மா அந்தக் கடிதத்தை வாங்கிக் குங்குமம் தொட்டு வைத்து, சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். நான் அதை எடுத்து அலுமாரி லாச்சிக்குள் வைத்தேன். ஏனப்பா எடுத்தனீங்கள், எவ்வளவு நல்ல கடிதம் என்று கேட்டாள். அரசாங்கத்தையும் சாமியையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாமென்றுதானே இந்தப் பாடெல்லாம் பட்டனான் என்று சொன்னேன். கமலினிதான் முதலில் சிரித்தாள்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனத்தோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. இரவு வேலைக்குப் போகும்போது கம்பளிச் சட்டையை மறக்காதே, சாப்பாட்டைத் தவறவிடாதே. தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. அதில் விறாந்தையைப் பற்றி ஒன்றும் கேட்காதே, நூலகத்தில் என்ன புத்தகம் வாசிக்கிறாய் என்று கேள்.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
க. விக்னராஜா